விற்குமுன் லேப்டாப் பேட்டரியை மாற்றணுமா, அப்படியே கொடுக்கலாமா?

முதலில் பேட்டரியின் நிலையைக் காட்டும் விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 48,000, ஃபுல் சார்ஜ் (இப்போது நிரம்பும் அளவு) 36,000 மில்லிவாட்-ஹவர் என்றால் 75% இருக்கிறது, அப்படியே விற்கலாம். ரிப்போர்ட்டைப் படமெடுத்து விளம்பரத்தில் போடுங்கள். கடைக்காரரிடம் தள்ளுவதானாலும் மாற்றாதீர்கள், போட்ட காசு தேறாது.

சார்ஜரைக் கழற்றியதும் அணைந்துபோகிறதா? நேரில் வாங்க வருபவர் அதைத்தான் முதலில் பார்ப்பார், மாற்றுவதே மேல். உதாரணத்துக்கு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு பேட்டரி உள்ள லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப்பில் வெளிப்பேட்டரி இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும். உள்பேட்டரிக்கு, சார்ஜரை எடுத்துவிட்டு, பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுத்த பிறகே அடிமூடியைத் திறக்கணும். மலிவு டூப்ளிகேட் மட்டும் வேண்டவே வேண்டாம்: மேலே எழுதிய கொள்ளளவு உள்ளே இருக்காது.

டச்பேட் மேலெழும்பி கிளிக் ஆகவில்லையா? பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியே விற்பது ஆபத்து. சார்ஜ் போடாமல், குத்தாமல் கழற்றி இ-வேஸ்ட்டில் சேருங்கள்.