யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் வாங்கலாம், கூட வர்ற சிடியை தூக்கி ஓரமா வைங்க

கல்யாண கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு ஆயிரம் ரூபா அக்கம்பக்கத்துல விக்குதே அந்த யூஎஸ்பி ஸ்டிக், அதுக்கு நான் மூணரை ஸ்டார் குடுப்பேன். குறையுற ஒன்றரை ஸ்டார்ல முக்கால்வாசி அதுகூட வர்ற சாஃப்ட்வேருக்குத்தான்.

அந்த சாஃப்ட்வேர் படம் உள்ள வரும்போதே எம்பெக்ங்கிற ஃபார்மட்ல சுருக்கி நசுக்கிடுது. விஹெச்எஸ்ல, அதாவது அந்தக் காலத்து வீடியோ கேசட்ல, பொரிப்பொரியா நாய்ஸ் இருந்துட்டே இருக்கும், ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், படத்தை சுருக்குற என்கோடர் அதையும் படம்னு நெனச்சு இருக்குற டேட்டா பிட்டை எல்லாம் அதுக்கே செலவு பண்ணிட்டு முக்கியமான எடத்துல கைய விரிச்சிடும். எங்க அத்தை கல்யாணத்துல ஹோமப் புகை கிளம்புற எடத்தை பாத்தா ஐயர் மூஞ்சியே இல்ல, சதுரம் சதுரமா கட்டம்தான் நகருது. ஊர்ல ஒரு கடைல குடுத்து டிவிடி போட்டு வாங்குனதும் இதே கதிதான், மூணு மணி நேர கேசட்டை 4.7 ஜிபி டிவிடி ஒண்ணுக்குள்ள திணிச்சிருந்தாங்க, கணக்கு போட்டா சவுண்டையும் சேத்தே செகண்டுக்கு மூணரை மெகாபிட்தான் வருது, ஒவ்வொரு ஃபிரேமையும் ஒத்தை வரி, இரட்டை வரினு ரெண்டு பாதியா பிரிச்சு வச்சிருக்குற இன்டர்லேஸ் படத்துக்கு அது எந்த மூலைக்கு?

அதனால டிரைவரை மட்டும் போட்டுக்கிட்டு விர்ச்சுவல்டப்2ங்கிற கேப்சர் சாஃப்ட்வேரை இறக்குங்க, இலவசம். 720x576, 25 ஃபிரேம், தரம் குறையாம சுருக்குற ஹஃப்ஒய்யூவி கோடெக். ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபிக்கு மேல இழுக்கும், இழுக்கட்டும், அதுல கட்டம் விழவே விழாது. எடிட் பண்ணி கடைசியா ஹெச்264ங்கிற ஃபார்மட்டா ஆக்கிட்டா சின்னதாயிடும்.

கலர் விஷயத்துல முதல்ல நம்மூர் டிவி முறையான பிஏஎல்தான் செலக்ட் ஆகியிருக்கானு பாருங்க, அமெரிக்கா, ஜப்பான் முறையான என்டிஎஸ்சில கெடந்தா நம்மூர் கேசட் கருப்பு வெள்ளையா ஓடும், உடனே கேசட் போச்சுனு பயந்துக்க வேண்டாம். அடுத்து பிரைட்னஸ். ஸ்டிக்கோட உண்மையான குறை இதுதான், டீஃபால்ட்ல வெளிச்சத்தை ஏத்தி வச்சிருக்கு. அந்த காலத்து வீடியோ லைட்டு ஏற்கனவே மூஞ்சில அடிக்குது, இதுவும் சேந்தா பொண்ணோட பட்டுச்சேலை சரிகை மொத்தமா வெள்ளைத் திட்டாயிடும், ரெக்கார்டுலயே வெளிச்சம் வெட்டுப்பட்டுச்சுனா அப்புறம் எந்த எடிட்டர்லயும் திரும்பி வராது. கேப்சருக்கு முன்னாடியே வெளிச்ச அளவை கிராஃபா காட்டுற ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணி, அளவு 16க்கும் 235க்கும் நடுவுல நிக்குற வரைக்கும் பிரைட்னஸ் கான்ட்ராஸ்டை இறக்குங்க.

அரக்கு கலர் புடவை பக்கத்துல நிக்குற மாப்ள சட்டைல வழிஞ்சிருக்கும் பாருங்க, அது ஸ்டிக் பண்ற வேலை இல்ல. விஹெச்எஸ் கலரை ரொம்ப மங்கலாத்தான் பதியும், அதுலயும் காப்பிக்கு காப்பி எடுத்த கேசட்னா கலர் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிட்டே போகும். எஃப்எஃப்எம்பெக்ங்கிற இலவச வீடியோ டூல்ல, கலரை மட்டும் நகர்த்துற குரோமாஷிஃப்ட்னு ஒரு ஃபில்டர் இருக்கு, ஒண்ணு ரெண்டு பிக்சல் தள்ளி வச்சா உதட்டு சாயம் உதட்டுக்கு வந்துடும். வழிசல் முழுசா போகாது, ஆனா உறுத்தாது.

கேசட்டே தொலைஞ்சுபோச்சு, கட்டம் விழுந்த டிவிடிதான் மிச்சம்னா ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல, கட்டத்தை மழுப்புற டீபிளாக் ஃபில்டர் இருக்கு. லைட்டா மட்டும் வைங்க, ஸ்ட்ராங்கா வச்சா கண்ணாடில ஆவி படிஞ்ச மாதிரி ஆயிடும். படத்தை பெருசாக்குறதுக்கு முன்னாடியே இதை போடணும், ஏன்னா எம்பெக் கட்டம் எட்டு எட்டு பிக்சலா வரும்னு நம்பித்தான் அந்த ஃபில்டரே ஓடுது, 1080க்கு இழுத்துட்டா ஓரம் எங்கனு அதுக்கு தெரியாது. ஏஐ வச்சு படத்தை பெருசாக்குற அப்ஸ்கேல்ல நேரா போடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், அது அந்தக் கட்டத்தையும் டீடெய்ல்னு நெனச்சு பளிச்னு தீட்டி குடுக்கும்.

ஸ்டிக் வந்துடுச்சேனு அவசரத்துல கேசட்டை டெக்ல தள்ளாதீங்க, ஜன்னல் வழியா டேப்ல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா மொதல்ல சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, ஹெட்டு போச்சுனா புது விசிஆருக்கு வழியில்ல, கடைசியா செஞ்சிட்டு இருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாயும் 2016லயே நிறுத்திட்டான்.