பாட்டின் வேரைக் காட்டும் இணையச் சேவை: வான் வில்லியம்ஸ் நினைவு நூலகம்

லண்டனில் 1930-இல் திறக்கப்பட்ட செசில் ஷார்ப் இல்லத்தில் இயங்கும் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையச் சேவை, இங்கிலாந்தின் ஃபோக் கிளப்புகளில், அதாவது நாட்டுப்பாடல் பாடவும் கேட்கவும் கூடும் மன்றங்களில், பாடுவோருக்கும் அவர்களை விரும்பிக் கேட்போருக்கும் ஒருங்கே பயன்படுவது, கட்டணம் ஏதுமில்லை.

இதன் உயிர்நாடி ரவுட் அட்டவணைதான். நூலகராகப் பணியாற்றிய ஸ்டீவ் ரவுட், ஊருக்கு ஊர் தலைப்பும் சொல்லும் மாறி வழங்கும் நாட்டுப்பாடல்களை ஒரே எண்ணின்கீழ்த் தொகுத்திருக்கிறார். உயர்குடிப் பெண்ணொருத்தி ஜிப்சிகளோடு வீட்டை விட்டுச் செல்லும் கதைப்பாடலின் எண் 1. அந்த எண்ணை இட்டுத் தேடினால், பாடியவர், ஊர், ஆண்டு, சேகரித்தவர் ஆகிய விவரங்களோடு அதன் வடிவங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பாடத் தொடங்குமுன் இப்பாட்டு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் நல்ல வழக்கம் அந்தக் கிளப்புகளில் உண்டு. அதற்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை என்பேன்.

2013-இல் வெளியான ‘ஃபுல் இங்கிலிஷ்’ தொகுப்பு இன்னும் அரிய கொடை. லூசி பிராட்வுட், ஜார்ஜ் பட்டர்வொர்த் முதலியோர் கிராமத்துப் பாடகர்களிடம் கேட்டு எழுதிய கையெழுத்துப் படிகளை, அடித்தல் திருத்தல்களோடு அப்படியே திரையில் காணலாம். அவசரத்தில் கிறுக்கிய பக்கங்களைப் படிக்கப் பொறுமை வேண்டும் என்பது உண்மையே.

ஆனால் அட்டவணைப் பதிவுகள் பல, பாடல் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே சுட்டுகின்றன. முழு வரிகளுக்கு மூலநூலையோ இசைத்தட்டையோ தேடிப் போகத்தான் வேண்டும். ஆங்கில நாட்டுப்பாடகர்களான மார்ட்டின் கார்த்தி, ஷெர்லி காலின்ஸ் ஆகியோரின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டே இப்பதிவுகளைப் புரட்டுவது நல்ல தொடக்கம்.