பெரிய பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள்: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பொருளியலில் இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு என ஐந்து ஆண்டுகளை ஒரே பெரிய பல்கலைக்கழகத்தில் கழித்துவிட்டு வந்திருக்கிறேன். சேர்வதற்கு முன் அதன் கையேட்டை வரி விடாமல் படித்தேன். எத்தனை துறைகள், எத்தனை ஏக்கர், நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. அங்கே ஒரு மாணவரின் நாள் எப்படிப் போகும் என்பது மட்டும் இல்லை.

என் முதல் விரிவுரை நானூறு பேர் உட்காரும் கூடத்தில் நடந்தது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் பேராசிரியரின் முகம் கட்டைவிரல் நகத்தளவுதான் தெரியும். மூன்றாவது வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்துப் போனபோது, ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் இல்லை. பள்ளியில் ஒரு நாள் போகாவிட்டால் வகுப்பே விசாரிக்கும். அன்று இரவு அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அங்கே இருப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நானூறு பேரில் ஒருவர் குறைந்தால் மேடையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? பெரிய இடத்தில் உங்களை யாரும் தேடி வரமாட்டார்கள், நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் முதல் ஆண்டு எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

அங்கே ஒவ்வொரு பேராசிரியரும் மாணவர்களைச் சந்திக்க வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குவார். அறைக் கதவில் அந்த நேரத்தை ஒட்டியிருப்பார்கள். அது முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு என்று நானாக முடிவு செய்துகொண்டு ஓர் ஆண்டுக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் செமஸ்டரில் புள்ளியியல் இடைத்தேர்வில் தோற்ற பிறகுதான் போனேன். நீண்ட வரிசை இருக்கும் என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே போட்டிருந்த ஒற்றை நாற்காலி காலியாகக் கிடந்தது. பேராசிரியர் என் விடைத்தாளை வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்து, நான்காவது கேள்வியில் நிறுத்தினார். “கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனால், கேள்வி இதைக் கேட்கவில்லையே” என்றார். இருபது நிமிடம் பேசினோம். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது போனேன். முதுகலைக்கு விண்ணப்பித்தபோது பரிந்துரைக் கடிதம் எழுத என்னை அறிந்தவர் என்று இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நட்பும் கூட்டத்தில் தானாக வந்துவிடாது. லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற சமூக உளவியல் ஆய்வாளர்கள் மூவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அங்கே அடுத்தடுத்த கதவுக்காரர்களே அதிகமாக நண்பர்களாகியிருந்தார்கள். மாடிப்படியை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடிக்காரர்களோடும் பழக்கம் இருந்தது. அடிக்கடி கண்ணில் படுவதுதான் தொடக்கம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் மாதம் பத்து மன்றங்களில் பெயர் கொடுத்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. நூலகத்தின் இரண்டாம் தளத்தில் ஒரே மேசையில் தினமும் உட்காரத் தொடங்கிய பிறகு, எதிரே உட்கார்ந்தவர்கள் இருவர் இன்றுவரை என் உயிர் நண்பர்கள்.

கால அட்டவணையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வாரத்தில் பாதி நேரம் வெறுமையாகத் தெரியும். படிப்புச் சுமையை அளக்கும் ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆண்டுக்கு 1,500 மணி நேரத்துக்குக் குறையாது. வகுப்பில் உட்காருவது அதில் ஒரு பங்குதான். மிச்சத்தை நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும், அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு செமஸ்டர் ஆனது.

அலுவலக விஷயங்களில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. என் தோழி ஒருத்தி உதவித்தொகையைப் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டாள். அந்த அறிவிப்பு, ஒரே நாளில் வந்த பதினேழு மின்னஞ்சல்களுக்கு நடுவே இருந்தது. மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தாள். மூன்றிலும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். பணம் வரவில்லை, ஒரு செமஸ்டர் முழுக்க மாலை வேலைக்குப் போய்ப் படித்தாள். பல்கலைக்கழக மின்னஞ்சலைத் தினமும் திறந்து பாருங்கள். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், யார் சொன்னார், எந்தத் தேதியில் என்று குறித்து வையுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் அங்கேதான் சேருவேன். ஒரு வியாழக்கிழமை மழைக்கு ஒதுங்கிய கட்டடத்தில் மொழியியல் விரிவுரை நடந்துகொண்டிருந்தது. அனுமதி கேட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். குழந்தைகள் பேச்சைக் கற்கும் விதம் பற்றி விரிவுரையாளர் பேசியதை வாய் பிளந்து கேட்டேன். அந்த செமஸ்டர் முழுக்க ஒரு வியாழனையும் விடவில்லை. ஒரு வளாகத்துக்குள் இத்தனை அறிவு குவிந்து கிடப்பதும், கேட்டால் கதவு திறப்பதும் பெரிய பல்கலைக்கழகம் தரும் பெரும் செல்வம்.

சேரும் முன் போய்ப் பார்ப்பதானால், விருந்தினர்களுக்காக அலங்கரித்து வைத்திருக்கும் நாளில் போகாதீர்கள். செமஸ்டரின் நடுவில் ஒரு சாதாரண வேலைநாளில் போங்கள். முதலாண்டு வகுப்பில் எத்தனை பேர், சிறு குழு வகுப்புகளை எடுப்பது யார், விடுதி எத்தனை ஆண்டுக்கு உறுதி, கட்டாயப் பாடத்தில் இடம் நிரம்பிவிட்டால் என்ன செய்வார்கள் என்று இறுதியாண்டு மாணவர்களிடம் கேளுங்கள். பிறகு நீங்கள் சேர விரும்பும் துறையின் நடைபாதையில் மெதுவாக நடந்து, கதவுகளில் ஒட்டியிருக்கும் சந்திப்பு நேரங்களைப் படியுங்கள். அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.