சென்னை கொட்டிவாக்கம் வீடு: கம்பிக்கு அடியில் 7 மி.மீ. கான்கிரீட்தான் இருந்தது

கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கத்தில் ஒரு வீடு. தளம் போட்டு ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. ஹால் சீலிங் பெயர்ந்து சோபாமேல் விழுந்தது. காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். "மேல இருந்து தண்ணி எறங்குது சார், பூசி பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்" என்று அதற்கும் ஒரு தொகை கேட்டார்.

விழுந்த சில்லைத் திருப்பினால், கம்பியின் வரிவரியான அச்சு துரு நிறத்தில் பதிந்திருக்கிறது. ஸ்கேல் வைத்தால் கனம் 7 மி.மீ. வரைபடத்தில் கவர், அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட் கனம், 30. உப்புக்காற்று நேராகப் படாத இடத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000 கேட்பதும் 30தான். நேராக அடிக்கிற பால்கனிக்கு 45, கலவையும் எம்30 என்கிற வலுத் தரத்தில் வேண்டும். கவர் குறைந்தால் உப்பு சீக்கிரம் கம்பியைத் தொட்டுவிடும். துரு உப்பி கான்கிரீட்டைக் கீழே தள்ளும். மேலே ஒழுகாவிட்டாலும் இது நடக்கும்.

நடந்தது இதுதான்: கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கிற சின்னக் கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்கள் கம்பிமேல் நடந்ததும் கல் நழுவி, கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிவிட்டது. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் முக்கால் மீட்டருக்கு ஒரு பிளாக் என்றால் ஆயிரம் சதுர அடிக்கு 170 கிட்ட வேண்டும். ஒரு சின்னக் கோணிப்பையில் வருகிற சாமான், இதில் போய் மிச்சம் பிடிக்கிறார்கள்! பால்கனியில் ஆபத்து நேர்மாறு: அங்கே தாங்குவது மேல்கம்பி, அது மிதிபட்டுக் கீழே இறங்கினால் பால்கனியே தொங்கிவிடும்.

கான்கிரீட் போட்ட அன்று எடுத்த செல்போன் வீடியோவில் இன்னொன்றும் தெரிகிறது. பம்பில் சுலபமாகப் போகட்டும் என்று ரெடிமிக்ஸ் லாரியில் ஐந்து வாளி தண்ணீர். 6 கன மீட்டர் லாரியில் 100 லிட்டர் என்றால், கன மீட்டருக்கு 17 லிட்டர். சிமெண்ட் 340 கிலோ இருந்தால், 0.50 இருக்க வேண்டிய தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.55 ஆகிவிடும். அந்த மிச்சத் தண்ணீர் விட்டுப்போன துளைகள் வழியாகத்தான் உப்பு இறங்குகிறது. கலவை இறுகியிருந்தால் தண்ணீர் சேர்க்காமல் கலவையை இளக்குகிற அட்மிக்சர் திரவத்தை ரெடிமிக்ஸ் பிளான்டிலிருந்து வரவழைக்கச் சொல்லுங்கள். வாளியைத் தொட விடாதீர்கள்.

பூச்சு வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே துரு ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் முட்டு கொடுத்து, கம்பிக்குப் பின்பக்கம் விரல் போகும்வரை கொத்தி, துருவை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பிறகு பழுதுபார்க்கவே வருகிற பாலிமர் கலவை அல்லது மைக்ரோ கான்கிரீட் வைத்து மூட வேண்டும்.

தளம் போடப்போகிறவர்கள் முதல்நாள் சாயங்காலமே டார்ச்சோடு போய்க் கம்பிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஆணியால் கீறினால் பொடியாக உதிர்கிற கவர் பிளாக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.