புல்தரைக்குப் பதில் பொடுதலை: ஆறு வருட அனுபவம்

2019 ஜூனில் எங்கள் வீட்டு முன்புறம் இருந்த கொரியன் புல் செத்துப்போனது. நாங்கள்தான் சாகவிட்டோம். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்த கோடை அது. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. குளிக்கவே லாரிக்குக் காத்திருக்கும்போது புல்லுக்கு எங்கே ஊற்றுவது? முன்புறம் சுமார் 300 சதுர அடி. கோடையில் தினமும் 5 மி.மீ. தண்ணீர் என்று வைத்தாலும் 140 லிட்டர், அதாவது ஒன்பது பத்துக் குடம். இனி புல்லே வேண்டாம் என்று அன்றைக்கு முடிவானது.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நர்சரியில் "தண்ணீர் அதிகம் கேட்காமல் தரையோடு படர்கிற செடி" என்று கேட்டதற்கு, மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவைக் கொடுத்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் அது சுவரோரம், சாக்கடை ஓரம், துளசி மாடத்துக்குள் என்று எல்லா இடமும் ஏறிவிட்டது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மறுபடி துளிர்க்கும். பிடுங்கி முடிக்க ஒரு வருடம் ஆனது.

அதற்குப் பிறகு நட்டதுதான் பொடுதலை. தரையோடு படரும் இந்தச் சின்னச் செடி எங்கள் பேட்டை ஏரிக்கரையில் சும்மா கிடந்தது. வெயிலில் வெடித்த மண்ணில் மற்ற செடியெல்லாம் கருகியிருக்க, இது மட்டும் பச்சையாகத் தரையோடு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துத்தான் ஒரு பை நிறையப் பிடுங்கி வந்தேன். வாசலில் நட்டுக்கொண்டிருந்தபோது கீரை விற்கிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இதையா தம்பி பாத்தி கட்டி நட்ற? ஏரிக்கரைல நாங்க மிதிச்சிக்கினு போவோம்" என்று சிரித்தார். மிதித்தாலும் சாகாது என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

நடுவது சுலபம். ஒரு சாண் நீளத் தண்டு, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி, ஓர் அடிக்கு ஒன்று. கஷ்டமெல்லாம் அதற்கு முந்தைய வேலையில்தான். மண்ணைக் கொத்திக் கோரைக்கிழங்கையும் அருகம்புல் வேரையும் பொறுக்கியெடுக்க வேண்டும். நான் அவசரத்தில் பாதிதான் எடுத்தேன். அதன் பலனை இன்றும் வாராவாரம் குனிந்து பிடுங்குகிறேன். பொடுதலை இரண்டு அங்குலம்தான் உயரும், கோரை அதற்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக நடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல்பட வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் தினமும் தண்ணீர் விட்டோம். நான்காவது மாதத்தில் மண் தெரியாமல் மூடிவிட்டது. அதன் பிறகு மே மாதத்தில்கூடப் பத்து நாளைக்கு ஒருமுறைதான், அதுவும் எங்கள் போர்வெல்லின் உப்புத் தண்ணீர். ஒருமுறை ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது இலைகள் சிறுத்து, லேசாக ஊதா கலந்த சிவப்பில், சில இடங்களில் வெறும் தண்டாகக் கிடந்தது. போயிற்று என்றே நினைத்தேன். ஒரு கோடை மழைக்கு ஒரே வாரத்தில் பச்சை திரும்பிவிட்டது.

நான் எதிர்பார்க்காதது இதற்கு நேர்மாறான குணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முன்புறம் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். தொட்டியிலிருந்த கற்றாழையும் ரோஜாவும் அழுகின. பொடுதலை சேற்றைப் போர்த்திக்கொண்டு கிடந்தது, குழாயால் அலசிவிட்டதும் வழக்கம்போல வளர்ந்தது. யோசித்தால் ஆச்சரியமில்லை. ஆறு மாதம் தண்ணீரும் ஆறு மாதம் வறட்சியுமாக இருக்கிற ஏரிக்கரை, வரப்பு ஓரம்தானே அதன் சொந்த ஊர். சமஸ்கிருதத்தில் ஜலபிப்பலி என்பார்கள், நீர்த்திப்பிலி. சின்ன வெள்ளைப் பூங்கொத்து முதிர முதிரத் திப்பிலி போலவே நீண்டுவிடும்.

சரி, குறைகள். பூ இருக்கும்வரை தேனீக்கள் இருக்கும். வெறுங்காலோடு ஓடிய அக்கா மகனுக்கு இரண்டு முறை கொட்டு விழுந்தது. இப்போது குழந்தைகள் வருவதற்கு முந்தின நாள் கத்தரிக்கோலால் பூவை வெட்டிவிடுகிறேன். பாய் விரித்து உட்காரப் புல்லின் மெத்தை சுகம் இதில் கிடையாது, தண்டு உறுத்தும். பைக் நிறுத்துகிற இடத்தில் ஒரு மாதத்தில் வழுக்கை விழுந்தது, அங்கே கடப்பாக்கல் போட்டுவிட்டோம். மாமர நிழலில் மூன்று முறை நட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. இதற்கு வெயில் வேண்டும்.

படர்கிற குணமும் கவனிக்க வேண்டியது. இதன் நெருங்கிய உறவான லிப்பியா, ஆஸ்திரேலியாவின் மர்ரே டார்லிங் வெள்ளச் சமவெளியில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் பெரிய களை. நம் ஊரில் பொடுதலை மண்ணுக்குரிய செடி, அவ்வளவு பயமில்லை. ஆனாலும் ரோஜாப் பாத்திக்குள் ஓடும். வருடத்துக்கு நான்கைந்து முறை ஓரத்தை மண்வெட்டியால் வெட்டிவிடுகிறேன்.

இலையில் அங்கங்கே ஓட்டை இருக்கும். மருந்து அடிக்கலாமா என்று யோசித்த நேரத்தில்தான், அது மயில் வசீகரன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு என்று தெரிந்தது. இறக்கையில் மயில்கண் போன்ற புள்ளிகளோடு காலை வெயிலில் அதே தரையில் வந்து உட்காரும். மருந்து அடிக்கும் யோசனையைக் கைவிட்டோம்.

வெட்டிய தழையை அம்மா விடமாட்டார். உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கித் துவையல் அரைப்பார். மீதியைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பொடுகுக்கு என்று என் தலையில் தேய்ப்பார். துவையல் நன்றாக இருக்கும். பொடுகு மட்டும் இன்னும் இருக்கிறது.

மாமரத்தடிதான் பாக்கி. இந்த ஆடியில் அங்கே நான்காவது முறையாக நட்டுப் பார்க்காமல், சருகையே மூடாக்காகப் போட்டு விட்டுவிட்டேன்.