சுமாட்ரிப்டானோடு ஆறு ஆண்டுகள்: யாரும் சொல்லாத அந்த எண்

போன வாரம் என் தோழி கேட்டாள்: "ஒற்றைத் தலைவலிக்கு டாக்டர் எனக்கும் சுமாட்ரிப்டான் எழுதித் தந்திருக்கிறார். நீ ரொம்ப நாளாகப் போடுகிறாயே, எப்படி?" நன்றாகக் கேட்கும் என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. எனக்கும் இப்படி ஒரே வரியில்தான் சொன்னார்கள். அதில் விட்டுப்போன ஒரு எண்ணால் மாதக்கணக்கில் அவதிப்பட்டிருக்கிறேன். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் போடுவது 50 மில்லிகிராம். முதல் தடவை போட்ட நாள் அப்படியே நினைவிருக்கிறது. வலது நெற்றிப்பொட்டில் இடி, குமட்டல், கதவிடுக்கில் வரும் வெளிச்சம்கூடக் கண்ணைக் குத்தியது. முக்கால் மணி நேரத்தில் வலி இறங்க ஆரம்பித்தது. ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அதுவரை ஒற்றைத் தலைவலி வந்தால் எனக்கு ஒரு முழு நாள் போய்விடும். அன்று நான் அழுதது வலியால் அல்ல. இது சாதாரண வலி மாத்திரை இல்லை. மூளை உறையைச் சுற்றி விரிந்திருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வலியைக் கிளப்பும் பொருள்களை நரம்பு முனைகள் விடாமல் தடுக்கிறது. 1991-ல் விற்பனைக்கு வந்தது, இன்றும் இந்த வகை மருந்துகளில் முன்னால் நிற்கிறது.

போட்ட சில நிமிடங்களில் கழுத்தும் நெஞ்சும் லேசாக இறுகும். முதல் தடவை பயந்துபோனேன். பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். ஆனால் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து என்பதை மறக்கக்கூடாது. இதய நோய், பக்கவாதம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. நெஞ்சு வலி கடுமையாக இருந்தாலோ விடாமல் இருந்தாலோ உடனே மருத்துவமனைதான்.

இப்போது அந்த எண். பத்து.

மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் இந்த வகை மாத்திரையைப் போட்டு, அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். பாராசிட்டமால் போன்ற தனி வலி மாத்திரைகளுக்கு அந்தக் கணக்கு 15 நாள். காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கு மறுபடியும் 10 தான். எனக்கு இது எதுவும் தெரியாது. முதல் வருடம் மாதத்துக்கு நாலைந்து நாள் போட்டேன். அடுத்த வருடம் எட்டு, ஒன்பது ஆனது. அப்புறம் பதினான்கு. நடுவில் வலி லேசாக இருக்கும் நாள்களில், சின்ன மாத்திரைதானே, கணக்கில் வராது என்று நினைத்து காஃபீன் கலந்ததைப் போட்டேன். காலையில் கண் விழிக்கும்போதே தலை கனக்கும். மாத்திரை போட்டால் விடும், மறுநாள் திரும்ப வரும். நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது பார்த்த நரம்பியல் மருத்துவர் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "போன மாதம் எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலி அட்டைகளைத் தேடி எடுத்து எண்ணினேன்.

இதில்தான் எனக்குக் கோபம். முதலில் எழுதித் தந்த டாக்டர் கவனமில்லாதவர் என்று சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் பார்த்தார், இசிஜி எடுக்கச் சொன்னார், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் இது பொடி எழுத்தில் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் வாந்தியோடு இருட்டறையில் கிடக்கும் ஒருத்தி அந்தத் தாளைப் படிப்பாளா? சீட்டில் "மாதம் 9 நாளுக்கு மேல் வேண்டாம்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

புதிய மருத்துவர் சொன்னபடி எல்லாவற்றையும் நிறுத்தினேன். முதல் பத்து நாள் நரகம். அதோடு, தலைவலி வராமலே தடுக்கும் மருந்தாக ப்ரோப்ரனோலால் தொடங்கினார். ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார். காலை நேரத் தலைவலி முழுதாகப் போக மூன்று மாதம் ஆனது.

இப்போது மாதத்துக்கு ஐந்தாறு நாள். ஆனாலும் ஒரு தொல்லை தீரவே இல்லை. வலி லேசாக இருக்கும்போதே போட்டால்தான் இது நன்றாகக் கேட்கும். முற்றிய பிறகு வயிறும் மந்தமாகிவிடும், மாத்திரை உள்ளேயே கிடக்கும். அதே சமயம் நாள் எண்ணிக்கை ஏறவும் கூடாது. அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் வலி தொடங்கும்போதே, இது அதுதானா, இல்லை வெறும் கழுத்து வலியா என்று நான் முடிவு செய்ய வேண்டும். விடாத கொட்டாவி, வாசனை எதையும் தாங்காத மூக்கு, குனிந்தால் ஏறும் வலி: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் போட்டுவிடுகிறேன். சில நாள் தப்பாகிவிடுகிறது. மாதக் கடைசியில் எட்டுப் புள்ளிகள் விழுந்த நாள்காட்டி முன்னால் நின்று யோசிப்பது, வலியைவிடப் படுத்துகிறது.

ஆம், நாள்காட்டியில் சிவப்புப் புள்ளி வைக்கிறேன். எண்ண வேண்டியது நாளை, மாத்திரையை அல்ல. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு புள்ளிதான். எந்த வலி மாத்திரை போட்டாலும் புள்ளி உண்டு. இரண்டாவது மாத்திரை, வலி போய்த் திரும்பி வந்தால் மட்டும், அதுவும் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து. முதல் மாத்திரைக்கே வலி அசையவில்லை என்றால் அந்தத் தடவைக்கு இன்னொன்று போடுவதில்லை. இதுவரை வராத மாதிரி சட்டென்று உச்சத்தில் தொடங்கும் தலைவலி என்றால் மாத்திரையைத் தொடவே கூடாது, மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இவ்வளவையும் தோழிக்கு எழுதினேன். மாத்திரைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஆனால் இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், இதற்கு முன்னால் தடுப்பு மருந்தைத்தான் கேட்டிருப்பேன் என்றும் எழுதினேன். உடனே பதில் வந்தது. சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாளாம். "தலைவலி வந்தால் ஒன்று" என்று மட்டும்தான் இருக்கிறதாம். மன அழுத்தத்துக்கு அவள் சாப்பிடும் மாத்திரையைப் பற்றியும் அங்கே பேச்சு வரவில்லையாம். முதல் மாத்திரையைப் பிரிக்காதே, மாதத்துக்கு எத்தனை நாள் போடலாம், அந்த மாத்திரையோடு இதைச் சேர்க்கலாமா என்று நாளைக்கே போய் இரண்டையும் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.