டாங்கோ வகுப்பில் லீடா, ஃபாலோவா, இரண்டுமா?

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90. தர்மபுரிக்காரர்களுக்கு அதைவிடவும் தூரம். இருவர் அணைத்து ஆடும் ஜோடி நடனமான அர்ஜென்டினா டாங்கோவைக் கற்றுக்கொள்ள இந்தப் பக்கத்திலிருந்து பஸ் பிடிக்கிறவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு கிடைத்தாலே பெரிது. மீதி நாட்களில் பயிற்சி வீட்டு ஹாலில்தான், கூட ஆடுபவரும் வீட்டில் இருப்பவர்தான். அதனால் முதல் வகுப்பில் ஆசிரியர் கேட்கும் "லீடா, ஃபாலோவா?" என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆண் என்றால் லீட், பெண் என்றால் ஃபாலோ என்று வரிசையில் போய் நின்றுவிடுவதுதான் வழக்கம். அதைத் தவிர இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன.

இரண்டு பங்கும் என்னவென்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கோலாட்டத்தில் அடிக்கும் வரிசை எல்லோருக்கும் முன்பே தெரியும். ஒயிலாட்டத்தில் முன்னால் நிற்பவரைப் பார்த்து ஆடலாம். டாங்கோவில் வரிசை கிடையாது, கண்ணும் உதவாது. அடுத்த அடி எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு நீளம் என்பதை லீடர் அந்த நொடியில் முடிவு செய்கிறார். அந்தச் சேதி அவர் நெஞ்சிலிருந்து அணைப்பின் வழியாகப் போகிறது. லீடரின் வலக்கை ஃபாலோயரின் முதுகைச் சுற்றியிருக்கும், இடக்கை ஃபாலோயரின் வலக்கையைப் பிடித்திருக்கும். ஃபாலோயரின் இடக்கை லீடரின் தோளிலோ மேற்கையிலோ இருக்கும். கைகள் மரச்சட்டம் மாதிரி நின்றால் போதும். தள்ளவோ இழுக்கவோ அவற்றுக்கு வேலையில்லை.

ஃபாலோ செய்வது சும்மா கூடப் போவது என்று நினைப்பவர்கள் தொப்பூர் கணவாயில் பைக்கின் பின்சீட்டில் போனதை நினைத்துப் பார்க்கலாம். மூட்டை மாதிரி உட்கார்ந்தால் ஓட்டுகிறவருக்குப் பாரம். வளைவு வரும் என்று முன்கூட்டியே சாய்ந்தால் ஆபத்து. ஃபாலோயர் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் அடங்கும். இத்தனைக்கும் ஃபாலோயர் உட்கார்ந்திருக்கவில்லை. தன் காலில், தன் சமநிலையில், பெரும்பாலும் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறார்.

ஒரே பங்கு

நேரம் முழுதும் ஒரே வேலைக்குப் போகிறது என்பதுதான் இதன் பெரிய லாபம். ஒன்றரை மணி நேர வகுப்பில் ஃபாலோயர் ஒன்றரை மணி நேரமும் பின்னோக்கி நடக்கிறார். கால் முழங்காலிலிருந்து இல்லாமல் இடுப்பிலிருந்து நீள வேண்டும், விரல் நுனி முதலில் தரையைத் தொட வேண்டும், எடை மாறியபின் குதிகால் இறங்க வேண்டும். இது உடம்பில் ஊற பல நூறு முறை நடக்க வேண்டும், குறுக்குவழி இல்லை. லீடருக்கோ வேறு பாடு: பாட்டைக் கேட்கணும், வழி பார்க்கணும், அடுத்ததை யோசிக்கணும், அதையெல்லாம் செய்துகொண்டே நெஞ்சைத் தொய்ய விடாமலும் இருக்கணும்.

நஷ்டம் வீட்டில் தெரியவரும். எப்போதும் அதே இருவர், அதே பங்கு. ஆறேழு வாரத்தில் ஃபாலோயருக்கு லீடரின் பழக்கம் மனப்பாடம் ஆகிவிடும். எட்டு அடி பேசிக்கை, அதாவது பழகுவதற்காக மட்டும் சொல்லிக்கொடுக்கும் எட்டு அடிக் கோர்வையை, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது அடியில் லீடர் ஃபாலோயரின் வலப்பக்கமாக வெளியே நடக்கிறார். ஐந்தாவதில் காலைச் சேர்க்கிறார். ஃபாலோயரின் இடக்கால் வலக்காலுக்கு முன்னால் குறுக்கே வந்து நிற்கிறது. இதுதான் க்ருஸாதா. இதற்கு லீடர் வெளியே நடக்கும்போதே நெஞ்சைச் சற்று ஃபாலோயரை நோக்கித் திருப்பி வைத்திருந்து, ஐந்தாவது அடியில் நேராக்க வேண்டும். மனப்பாடமான ஃபாலோயர் இதற்காகக் காத்திருப்பதில்லை. ஐந்து வந்ததும் கால் தானாகக் குறுக்கே போய்விடும். லீடரும் தான் லீட் செய்ததாக நம்பிக்கொண்டிருப்பார். பெங்களூரில் வேறொருவருடன் ஆடும்போது அந்தக் கால் வராது, லீடருக்கு அங்கேயே ஆட்டம் நின்றுவிடும்.

சோதிப்பது எளிது. ஐந்தாவது அடியில் நெஞ்சை நேராக்காமல் அப்படியே நடந்துகொண்டே போங்கள். ஃபாலோயர் அப்போதும் குறுக்கே வைத்தால் அது மனப்பாடம். இருவருமே திருத்திக்கொள்ள வேண்டும். தவறு ஒருவருடையது மட்டும் இல்லை.

முதலில் ஃபாலோ, பிறகு லீட்

இது பழைய புவனோஸ் ஐரிஸ் முறை. 1935 முதல் 1955 வரையிலான பொற்காலத்தில் இளைஞர்கள் ஆண்கள் மட்டும் கூடும் பயிற்சிக்குப் போவார்கள். அங்கே முதலில் ஃபாலோ. அது படிந்த பிறகுதான் லீட், அதன்பிறகுதான் மிலோங்கா எனப்படும் நடனக் கூடம். டாங்கோவுக்கே ஆண் பெண் ஜோடிதான் இலக்கணம் என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

இதன் பலன் ஓச்சோவில் பளிச்சென்று தெரியும். ஓச்சோ என்றால் ஸ்பானிஷில் எட்டு. ஃபாலோயரின் கால்கள் தரையில் எட்டு வடிவம் போடும். ஒரு காலின் முன்பாதத்தில் முழு எடையும் வந்து இறங்கிய பிறகுதான் உடம்பு சுழல முடியும். ஃபாலோ செய்தே பார்க்காத லீடர் இந்த இடத்தில் அவசரப்படுவார். எடை வந்து சேருமுன் நெஞ்சைத் திருப்பிவிடுவார், ஃபாலோயர் இரண்டு காலுக்கும் நடுவில் தடுமாறுவார். அதைச் சரிசெய்ய லீடர் கையால் இழுப்பார், ஃபாலோயர் விழாமலிருக்க அவர் தோளில் தொங்குவார். "கை கனமாக இருக்கிறது" என்று லீடர் குறை சொல்வது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. எட்டுப் பத்து வாரம் ஃபாலோ செய்த ஒருவருக்கு இந்தத் தடுமாற்றம் காலில் தெரியும். அவர் அரை நொடி பொறுப்பார்.

குறை, பொறுமை வேண்டும். இரண்டு மாதம் பின்னோக்கியே நடக்க மனசு வேண்டும். லீட் செய்யப் பழகியவர்கள் போதுமான அளவு வகுப்பில் இருக்கவும் வேண்டும். வீட்டில் இருவருமே புதியவர்கள் என்றால் இந்த வழி நடக்காது. இருவரும் ஃபாலோ செய்தால் யார் லீட் செய்வது?

முதல் நாளிலிருந்தே இரண்டும்

ஆண், பெண் என்று பார்த்துப் பங்கு பிரிக்காமல் ஆடும் க்வியர் டாங்கோ இயக்கம் பரவலாக்கிய முறை இது. அதன் முதல் விழா 2001இல் ஹாம்பர்க்கில் நடந்தது. இன்று எல்லா வகை வகுப்புகளிலும் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊருக்கு இது பொருந்துவதற்குத் தனிக் காரணமும் உண்டு. அறிமுகமில்லாத ஆணும் பெண்ணும் அணைத்து நிற்பது இங்கே பலருக்குக் கூச்சம். அக்காவும் தங்கையும், இரண்டு தோழிகள், ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள் சேர்ந்து பழக இந்த முறை வழிவிடுகிறது. கூச்சம் அதற்குமேலும் இருந்தால் ஒருவர் முன்கையை மற்றவர் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்கு நெஞ்சு ஒரு முழம் இடைவெளியில் தொடங்கலாம். உலகெங்கும் தொடக்க வகுப்புகளில் இருக்கும் பிடிதான் அது.

ஆனால் இதை முழுசாகக் கடைப்பிடித்தால் விலை உண்டு. நேரம் சரிபாதியாகிறது. அணைப்பின் பக்கம் மாறுகிறது. இடது வலது குழம்புகிறது. நடை வரைக்கும் இந்தக் குழப்பம் சமாளிக்கக்கூடியதுதான். ஓச்சோவும் மொலினெத்தேயும் வந்ததும் கதை மாறும். மொலினெத்தேயில் ஃபாலோயர் லீடரைச் சுற்றி முன்னடி, பக்க அடி, பின்னடி, பக்க அடி என்று போக, லீடர் நடுவில் நின்று சுழல்கிறார். இரண்டும் வேறு வேறு வித்தை. ஃபாலோயருக்கு அந்தப் பின்னடிதான் கண்டம்: இடுப்பு போதுமான அளவு திரும்பாவிட்டால் அடி வட்டத்தைவிட்டு வெளியே போகும், லீடரையும் நிலைகுலைய வைக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் பாதிப்பாதி பழகினால் இரண்டுமே அரைவேக்காடு.

உயரமும் ஒரு விஷயம். குள்ளமானவர் உயரமானவரை லீட் செய்யும்போது தோளுக்கு மேல் பார்க்க முடியாது. அணைப்பைத் திறந்து, ஃபாலோயரின் வலப்பக்கமாகப் பார்த்து நடக்க வேண்டியிருக்கும். முடியாதது இல்லை, பழகணும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

வாரம் ஒரு வகுப்பும் வீட்டுப் பயிற்சியும் மட்டுமே உள்ளவர்களுக்கு மூன்றில் ஒன்றை அப்படியே எடுப்பதைவிட, பாடத்தைப் பொறுத்து மாறுவது நல்லது. நடைக்கு இரண்டு பங்கும். ஓச்சோ தொடங்கியதும் நான்கு மாதத்துக்கு ஒரே பங்கு. அதன்பிறகு மறுபடி மாற்றம். நடையில் எடை மாற்றுவதும் காலை நீட்டுவதும் இரண்டு பங்குக்கும் பொது. அங்கே மாற்றிக்கொள்வதால் எதுவும் வீணாகாது. சுழற்சியில் வீணாகும்.

நடை வாரங்களுக்கு ஒரு மணி நேரம் இப்படிப் போகட்டும். டாங்கோ பாட்டு ஒன்று சுமார் மூன்று நிமிடம். மணிக்கு இருபது பாட்டு. இசைக்குப் பழைய டாங்கோ இசைக்குழுத் தலைவர்களில் கார்லோஸ் டி சார்லி. தாளம் நிதானமாக, காலடிக்கு இடம் விட்டு வரும். ஹுவான் டாரியென்ஸோ விறுவிறுப்பு, பிறகு வைத்துக்கொள்ளலாம். ஓஸ்வால்டோ புக்லியேஸே வேகத்தை நடுவில் இழுத்துத் தளர்த்துவார், முதல் வருடத்துக்கு வேண்டாம். முதல் இரண்டு பாட்டுக்கு நகரவே வேண்டாம்: நின்ற இடத்தில் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு லீடர் மாற்றட்டும், ஃபாலோயர் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கால் என்று கண்டுபிடிக்கட்டும். எடை இரண்டு காலிலும் பரவி நின்றால் ஃபாலோயருக்குச் சேதியே போகாது. பிறகு பாட்டுக்கு ஒரு முறை பங்கு மாற்றி நடை.

லீட் செய்யும் முறை வரும்போது மிதிபடும் விரல்களுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நெஞ்சு கிளம்புமுன் கால் கிளம்பிவிடுகிறது. குனிந்து காலைப் பார்த்தால் நெஞ்சு பின்வாங்கி இன்னும் மோசமாகும். ஆண்கள் ஃபாலோவுக்கு மாறும்போது குதிகாலில் உட்கார்ந்தமாதிரி பின்னால் சாய்வார்கள். முன்பாதத்தின் மேல் எடை இருந்தால்தான் பின்கால் சுதந்திரமாக நீளும்.

தரையையும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளில் பாலிஷ் போட்ட கிரானைட் சகஜம். சுழற்சிக்கு அருமையான தரை, ஆனால் ஈரம் இருந்தாலோ வெறும் சாக்ஸ் போட்டாலோ சறுக்கும். தோல் அடிப்பாகம் உள்ள தட்டையான ஷூ சரி. மொட்டைமாடி சிமெண்ட் தளத்தில் நடை மட்டும். அங்கே ஓச்சோ போட்டால் பாதம் ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் மாட்டுவது முழங்கால். சேலைக் கொசுவம் பின்னடியைத் தடுக்கும் என்பதால் சுடிதார் உத்தமம்.

வீட்டில் எந்த முறையிலும் வராத ஒன்று உண்டு: கூட்டம். மிலோங்காவில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றிப் போவார்கள். எட்டு அடி பேசிக்கின் முதல் அடியில் லீடர் பின்னால் போவது அங்கே பின்னால் வருபவரை இடிக்கும்; அதை விட்டுவிட்டுப் பக்க அடியில் தொடங்கப் பழகுங்கள். ஹாலின் நான்கு மூலையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் இரண்டு போட்டு, இடையிலுள்ள பாதையில் சுற்றி வந்தால் ஓரளவு ஈடாகும்.

ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் இரண்டு பங்கும் ஆடுகிறவராகப் பெங்களூர் கூடத்துக்குப் போனால் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். தூரத்திலிருந்து கண்ணாலும் தலையசைப்பாலும் அழைக்கும் கபெஸெயோ வழக்கத்தில், யார் லீட் என்பது தெரியாது. எழுந்து போனதும், அணைக்குமுன் வாயால் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு தாண்டா. அது முடியும்வரை அதே பங்கில் ஆடலாம். மாற்றுவதாக முன்பே பேசிக்கொண்டிருந்தால் இரண்டாவது பாட்டு முடிந்த இடைவெளியில், சுற்று நகரத் தொடங்குமுன் மாற்றிக்கொள்ளுங்கள்.